வட்டிக்குப் பதில் ஆள்

ஒரு மணி நேரத்தின் விலை மூன்று காசு.

போன காலம் திரும்பாது, உலகத்துச் செல்வத்தையெல்லாம் கொட்டினாலும் ஒரு நிமிஷத்தை வாங்க முடியாது என்று சொல்பவர்கள் எந்தக் கடையிலும் உட்கார்ந்து பார்க்காதவர்கள். கடல் தாண்டி ஒரு கட்டடத்துக்குள் இருந்த அந்த சூப்பர் கம்ப்யூட்டர் தன் நேரத்தைச் சில்லறையாகவே விற்றது. அதற்குள் லட்சக்கணக்கில் புராசஸர்கள். அந்த நேரத்தை வாங்கிய ஆராய்ச்சி நிறுவனத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'மூளை' என்றுதான் சொல்வார்கள். ஒரு மூளை ஒரு மணி நேரம் உழைத்தால் மூன்று காசு. நிறுவனம் வருஷத்துக்கு நாற்பது லட்சம் மணி வாங்கிப் போட்டிருந்தது.

அந்த நாற்பது லட்சத்துக்கும் காவல் இருந்த பொறியாளரை எல்லோரும் வாசல்காரர் என்று கூப்பிட்டார்கள். 'வாசல்' அவர் செய்த மென்பொருளின் பெயர்.

வாசல் வருவதற்கு முன் அந்த இயந்திரத்தோடு பேசுவது பெரிய இடத்துச் சம்பந்தியோடு பேசுவது மாதிரி. கறுப்புத் திரையில் கட்டளைகளை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். ஒரு இடைவெளி கூடினால் போயிற்று. இரண்டு நாள் வரிசையில் நின்ற வேலை இரண்டு நொடியில் செத்து விழும். என்ன தப்பு என்று கேட்டால் இயந்திரம் ஒரு எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்கு அர்த்தம் கண்டுபிடிப்பதற்குள் விஞ்ஞானிக்கு இன்னும் நாலு முடி நரைத்துவிடும்.

வாசல்காரர் அதையெல்லாம் மறைத்து, முன்னால் ஒரு பக்கத்தை வைத்தார். கோப்பை இழுத்துப் போடு. எத்தனை மூளை, எத்தனை மணி என்று இரண்டு கட்டங்களை நிரப்பு. பச்சைப் பொத்தானை அழுத்து. வேலை முடிந்ததும் மின்னஞ்சல் வரும். அவ்வளவுதான். ஒரே மாதத்தில் நிறுவனத்தில் எல்லோரும் கறுப்புத் திரையை மறந்தார்கள். அடுத்த மாதத்தில் அது எப்படி இருக்கும் என்பதையும் மறந்தார்கள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். தனக்குத் தெரிந்ததை ஊருக்கே சுலபமாக்கிக் கொடுத்தவனை ஊர் தோளில் தூக்கி வைக்கும், இறக்கிவிடத்தான் மறந்துவிடும்.

அவர் உட்கார்ந்திருந்த அறைக்கு ஜன்னல் ஒன்று உண்டு. அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். கதவு அடையாள அட்டையைக் காட்டினால்தான் திறக்கும், உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும். அட்டையை மேசையில் மறந்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனால் திரும்பி வர யாராவது இரக்கப்பட வேண்டும்.

அவர் வீடும் இப்போது அங்கேதான். மனைவிக்கு வேறு ஊரில், ஒரு பகலும் ஒரு இரவும் ரயிலில் போகும் தூரத்தில், பெரிய மருத்துவமனையில் மருந்தகப் பொறுப்பாளர் வேலை கிடைத்தது. மகளைக் கூட்டிக்கொண்டு அவள் முதலில் போனாள். பின்னாலேயே வருகிறேன் என்று வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பெட்டியோடு நிறுவனத்தின் விருந்தினர் அறைக்கு வந்தார் வாசல்காரர். 'பின்னாலேயே' என்ற சொல்லுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. பெட்டி இன்னும் கட்டிலுக்கடியில் பிரிக்காமல் இருந்தது. பிரித்தால் தங்கிவிட்டதாக ஆகிவிடும் என்று ஒரு பயம். தேவையான சட்டையை ஜிப்பைப் பாதி திறந்து உருவிக்கொள்வார்.

"என்னங்க, தேதி சொல்லுங்க. மாசம் சொல்லாதீங்க," என்றாள் மனைவி போனில்.

"இயக்குநர் பாத்துக்கலாம்னு சொல்லியிருக்காரு."

"அவரு பாத்துக்கிட்டேதான் இருக்காரு. நாங்கதான் உங்களப் பாக்கல. இங்க உங்களுக்கு வேல தர்றேன்னு சொன்ன கம்பெனிக்காரங்க உங்களுக்காக ஒண்ணாம் தேதி வரைக்கும்தான் எடம் வெச்சிருப்பாங்களாம். அதுக்கப்புறம் வேற ஆளாம்."

பக்கத்திலிருந்து மகள் போனைப் பிடுங்கினாள். "அப்பா, எங்க வீட்டுக்கு எப்ப வருவீங்க?"

எங்க வீடு. அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

இயக்குநர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கலாம். 'இல்லை' என்ற சொல்லையே வாழ்நாளில் சொல்லாத மனிதர் அவர். "விட மாட்டேன்னு யாரு சொன்னா? தாராளமா போங்க. உங்க எடத்துல ஒருத்தர உக்கார வெச்சுட்டு போங்க, அவ்வளவுதானே," என்பார். ஆனால் அந்த இடம் எப்படிப்பட்டது என்று வாசல்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது.

விஷயம் இதுதான். அந்த இயந்திரம் பயன்படுத்தியதற்குக் காசு வாங்குவதில்லை, கேட்டதற்கு வாங்கும். ஓட்டல் அறை மாதிரி. படுத்தாலும் படுக்காவிட்டாலும், பாதியில் எழுந்து போனாலும் முழு வாடகை. நூறு மூளை போதுமான வேலைக்கு அறுநூறு கேட்டால், ஐந்நூறு சும்மா உட்கார்ந்திருக்கும், கணக்கு மட்டும் ஓடும். விஞ்ஞானிகள் எப்போதும் கூடத்தான் கேட்டார்கள். குறைவாகக் கேட்டு வேலை நடுவில் நின்றுபோனால் அசிங்கம். அதிகம் கேட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

வாசல்காரரின் அப்பா துணிக்கடை வைத்திருந்தவர். அந்தக் கடையில் யாரும் தனக்கு வேண்டிய எண்ணைச் சொன்னதே இல்லை. விற்பவர் மூன்று மடங்கு சொல்வார், வாங்குபவர் மூன்றில் ஒரு பங்குக்குக் கேட்பார், இரண்டு பேரும் நடுவில் ஒரு இடத்தில் டீ குடிப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, வாசல் பக்கத்தில் வந்து விழுந்த எண்களெல்லாம் எண்களாகத் தெரியவில்லை. முதல் பேச்சாகத் தெரிந்தன. அதனால் யாருக்கும் சொல்லாமல் வாசலுக்குள்ளே ஒரு திருகைப் பொருத்தினார். ஆளுக்கு ஒரு திருகு. யார் எவ்வளவு கேட்டாலும், அந்த ஆளுக்குரிய பங்கை மட்டும் வெட்டி அனுப்பும். திரையில் மட்டும் மரியாதையாக, 'நீங்கள் கேட்டது அனுப்பப்பட்டது' என்று வரும்.

ஆனால் வாடிக்கையாளர் என்ன இளித்தவாயரா? எதனால் என்று தெரியாமலே, அதிகம் கேட்டால்தான் போதுமான அளவு கிடைக்கிறது என்பதை அவர்கள் மோப்பம் பிடித்தார்கள். வெள்ளம் எந்தத் தெருவுக்குள் நுழையும் என்று கணக்கிடும் விஞ்ஞானி ஒருவர் இருந்தார். ஊரே மழையம்மா என்று கூப்பிடும். அவர் இரட்டிப்பாகக் கேட்டார். வாசல்காரர் திருகை இறுக்கினார். மழையம்மா அதையும் இரட்டிப்பாக்கினார். இப்படியே போய் மழையம்மாவின் பங்கு பன்னிரண்டில் ஒன்றில் வந்து நின்றது. நிலநடுக்கக்காரருக்கு ஐந்தில் ஒன்று. மருந்து மூலக்கூறு பார்க்கும் கணவன் மனைவிக்குச் சண்டை போட்ட நாளில் எட்டில் ஒன்று, சமாதான நாளில் நாலில் ஒன்று. தினமும் காலையில் வந்த எண்களை முகர்ந்து பார்த்து, திருகுகளைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி. உலகத்துக்கு அது தானாக ஓடும் மென்பொருள். உள்ளே ஒரு மனிதர் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

ஒரு வழியாக அவர் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். நல்ல படிப்பு, நல்ல வேகம். சாப்பாட்டு அறையில் மழையம்மா "கொஞ்ச நேரத்துல வர்றேன்" என்றதற்கு "எத்தனை நிமிஷம் மேடம்?" என்று கேட்டவள். அன்றே அவளுக்கு நேர்கோடு என்று பெயர் விழுந்தது.

வந்த இரண்டாம் நாள் அவள் நாற்காலியைத் திருப்பினாள். "அண்ணா, மேடம் நாலாயிரத்து எண்ணூறு மூளை கேட்டிருக்காங்க. வாசல் நானூறுதான் அனுப்புது. எங்கயோ தப்பு இருக்கு."

"தப்பு இல்லம்மா. பன்னெண்டுல ஒண்ணு."

"எது?"

"அந்தம்மாவோட ரேட்டு."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"ஆனா திரையில 'நீங்கள் கேட்டது அனுப்பப்பட்டது'ன்னு வருதே?"

"அது மரியாதைக்கு."

"அண்ணா, அது பொய்."

"கடையில அதுக்கு வேற பேரு."

"என்ன பேரு?"

"'வாங்க, உக்காருங்க.'"

அவள் சிரிக்கவில்லை. "நீங்க போனப்புறம் இந்தத் திருகையெல்லாம் தினமும் யாரு திருகறது? எனக்கு ஆளப் பாத்து எடை போடத் தெரியாது. பொய் சொல்லவும் வராது. எடுத்துடறேன். கேட்டது கேட்டபடி போகட்டும். தேவையானத மட்டும் கேளுங்கன்னு எல்லாருக்கும் எழுதிடறேன். படிச்சவங்கதானே, புரியாதா?"

படித்தவர்கள்தான். அதுதான் அவருக்குக் கவலை. வாயைத் திறந்தார். கட்டிலுக்கடியில் இருக்கும் பெட்டி ஞாபகம் வந்தது. திருகுகள் போனால் தன்னைக் கட்டியிருக்கும் கயிறும் போகும் என்பதும் ஞாபகம் வந்தது.

"நல்லா தெளிவா எழுதும்மா," என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் விடுவிப்பு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். திங்கள் மாலை முதல் அமல். விடைபெறும் கூட்டத்தில் மழையம்மா அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். "எங்களுக்கு நேரம் வாங்கிக் குடுத்த மனுஷனுக்கு நாங்க குடுக்கற நேரம்," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கடிகாரத்துக்கு பேட்டரி போடவில்லை.

அதே மாலை நேர்கோட்டின் அறிவிப்பு போனது: திங்கள் முதல் நீங்கள் கேட்பது அப்படியே கிடைக்கும், தேவையானதை மட்டும் கேட்கவும்.

வாசல்காரரின் அப்பா ஒருமுறை கடையில் 'ஒரே விலை' என்று பலகை மாட்டினார். வந்தவர்கள் எல்லோரும் அதை நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "சரி, கடைசியா என்ன விலை?" என்று கேட்டார்கள். இங்கேயும் அதுவே நடந்தது. "அப்படியே கிடைக்கும்னா இத்தனை நாள் அப்படியே கிடைக்கலையா?" என்று மழையம்மாவுக்குச் சந்தேகம் வந்தது, சந்தேகத்தின் பேரில் கூடுதலாக ஒரு பங்கு சேர்த்துக் கேட்டார். கடை திறந்த முதல் நாள்தான் தாராளமாகக் கொடுப்பார்கள், பிறகு கையை இறுக்குவார்கள் என்று நிலநடுக்கக்காரர் வருஷம் முழுவதுக்குமான வேலையைத் திங்கள் காலையிலேயே அனுப்பினார். கணவன் மனைவி தனித்தனியாக அனுப்பினார்கள். இயந்திரம் பேரம் பேசவில்லை. அதற்குப் பேசத் தெரியாது. கேட்டதையெல்லாம் கொடுத்துக் கணக்கில் எழுதிக்கொண்டது.

அன்று முற்பகலில் வாசல்காரர் ரயிலில் ஏறிப் பெட்டியை மேலே வைத்துவிட்டு, கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே சுவர் இல்லை. வண்டி கிளம்பக் காத்திருந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

"அண்ணா," என்றது நேர்கோட்டின் குரல். "காலையில கணக்குல இருபத்திநாலு லட்சம் மணி இருந்துச்சு. இப்ப தொண்ணூறாயிரம் இருக்கு."

"நிறுத்தியாச்சா?"

"நிறுத்திட்டேன். நிறுத்தினாலும் முழு வாடகைன்னு சொல்லிட்டாங்க."

போனை யாரோ வாங்கினார்கள். "வாசல்காரரே," என்றார் மழையம்மா. அந்தக் குரலில் எப்போதும் இருக்கும் கிண்டல் இல்லை. "மேல அணையில தண்ணி ஏறிக்கிட்டிருக்கு. மழை முடியற வரைக்கும் எனக்கு தினமும் கணக்குப் போட்டாகணும். எந்தத் தெருவ காலி பண்ணணும்னு நான் சொன்னாத்தான் அதிகாரிங்க பண்ணுவாங்க. தொண்ணூறாயிரத்த வெச்சுக்கிட்டு ஒரு வாரம் கூட ஓட்ட முடியாது."

"மேடம், நான் ரயில்ல இருக்கேன்."

"ரயில் நாளைக்கும் ஓடும். ஆறு நிக்காது. அந்தக் கம்ப்யூட்டர் மையத்துக்காரங்களுக்கு உங்க ஒருத்தரத்தான் தெரியும். கடன் கேட்டாலும் உங்க வாயாலதான் கேக்கணும். கையெழுத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்லேந்துதான் போடணுமாம்."

அரை நாள் வேலை. மாலை ஒரு வண்டி இருக்கிறது. இப்படித்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டு இறங்கினார்.

நிறுவனத்தின் வாயிலில் அவர் அட்டை வேலை செய்யவில்லை. உத்தரவில் திங்கள் மாலை என்றிருந்தாலும் காவல் பிரிவு வெள்ளிக்கிழமையே காரியத்தை முடித்திருந்தது. "சார், உங்க கார்டு செத்துப்போச்சு," என்று காவலாளி வருத்தத்தோடு சொல்லி, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். விருந்தாளி என்று போட்டிருந்தது. வாசல்காரர் அதைக் குத்திக்கொண்டு தான் செய்த வாசலுக்குள் போனார்.

அறையில் இயக்குநர், மழையம்மா, நேர்கோடு மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார ஒரே நாற்காலி. அதை அவருக்கு விட்டிருந்தார்கள். கடல் தாண்டிய மையத்தின் அதிகாரி போனில் வந்தாள். அவள் பேசியது வேறு மொழி. ஆனால் விலை பேசும்போது எல்லா மொழியும் ஒரே மாதிரி ஒலிக்கும். அவள் குரலில் மரியாதை ததும்பியது. அடுத்த வருஷக் கணக்கிலிருந்து எட்டு லட்சம் மணி கடன் தரலாம் என்றாள். வட்டி கிடையாது. வட்டிக்குப் பதில் ஆள் வேண்டும். இப்படி ஒரே காலையில் ஒரு வருஷத்து மிச்சத்தையெல்லாம் எரித்த நிறுவனத்தை நம்பிக் கொடுப்பதானால், அங்கே பொறுப்பாளர் என்று ஒரு பெயர் பதிவாக வேண்டும். அந்த ஆள் வேலை நாள் ஒவ்வொன்றிலும் காலையில் அலுவலகக் கணினியில் 'இருக்கிறேன்' என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு வருஷத்துக்கு, அல்லது கடன் அடையும் வரை, எது முதலில் வருகிறதோ அது வரை.

இரண்டு வருஷம் என்ற சொல் காதில் விழுந்ததும் வாசல்காரரின் முதுகு நிமிர்ந்தது. அப்பாவின் கடையில் வளர்ந்த முதுகு அது.

ரெண்டு வருஷமா, அது ரொம்ப அதிகம் என்றார். ஆறு மாசம் என்றார். அவள் பதினெட்டு என்றாள். எட்டு லட்சம் எந்த மூலைக்கு, பத்தாகக் கொடு, எட்டு மாசம் தருகிறேன் என்றார். அவள் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். பத்துக்குச் சரி, பதினைந்து மாசம் என்றாள். வாசல்காரர் பேசாமல் இருந்தார். பேரத்தில் அதுதான் கூர்மையான ஆயுதம். மழையம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் வாசல்காரர், "ஒரே வருஷம். ஒரு நாள் கூடுதலும் இல்லை, ஒரு நாள் குறைவும் இல்லை. இந்த 'அல்லது' கில்லது எல்லாம் வேண்டாம், சுத்தமாக ஒரு வருஷம், என் பெயரில்," என்றார்.

சுத்தமாக ஒரு வருஷம், என்றாள் அவள். உறுதி செய்துகொள்வது போல இன்னொரு முறையும் சொன்னாள்.

ஆமாம் என்றார். கணினியில் கையெழுத்துப் போட்டார். திரையில் பத்து லட்சம் வந்து நின்றது.

"யப்பா!" என்றார் மழையம்மா. "ரெண்ட ஒண்ணாக்கி எட்டப் பத்தாக்கிட்டாரு! இனிமே நான் துணி எடுக்கப் போனா உங்களத்தான் கூட்டிட்டுப் போவேன்." எல்லோருக்கும் டீ வந்தது. வாசல்காரர் முகத்தில் வெற்றி பெற்ற வியாபாரியின் பளபளப்பு. டீயில் பாதி குடித்திருப்பார்.

"அண்ணா," என்றாள் நேர்கோடு. "பொறுப்பாளர் ஒருத்தர் வேணும்னுதானே அவங்க கேட்டாங்க? நீங்கதான் வேணும்னு கேக்கலையே. நான் பக்கத்துலதானே நின்னுக்கிட்டிருந்தேன். என் பேரக் குடுத்திருக்கலாமே?"

மழையம்மா நேர்கோட்டைப் பார்த்தார். இயக்குநர் தன் டீயில் ஏதோ விழுந்திருக்கிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு முன்பே தோன்றியிருந்தது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

விலை கேட்டவன் கடையை விட்டுப் போகலாம். விலை பேசியவன் போக முடியாது. இதை வாசல்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாழ்நாளெல்லாம் கல்லாவின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்த விதி. இந்தப் பக்கத்தில் தான் நிற்கிறோம் என்பது மட்டும் டீ ஆறும்போதுதான் உறைத்தது.

இயக்குநர் மெல்ல கையை நீட்டினார். "அந்த ஆர்டர் காப்பி உங்க கிட்டதானே இருக்கு? இப்பத்திக்கு நான் வெச்சிருக்கேன். பத்திரமா இருக்கும்."

மனைவிக்கு அவரே போன் செய்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நல்ல பகுதியிலிருந்து ஆரம்பித்தார். "ரெண்டு வருஷம் கேட்டாங்கம்மா. பேசிப் பேசி ஒரு வருஷத்துக்குக் கொண்டுவந்துட்டேன்."

அங்கே கொஞ்ச நேரம் மௌனம். இந்த ஆயுதம் அவளுக்கும் தெரியும்.

"தன்னையே அடமானம் வெச்சுட்டு, தள்ளுபடி கெடச்சுதுன்னு சந்தோஷப்படற ஒரே ஆளு நீங்கதாங்க," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கம்பெனிக்கு நான் சொல்லிடறேன், வேற ஆளப் பாத்துக்கச் சொல்லி."

அன்றிரவு அவர் பெட்டியை முழுவதும் திறந்து சட்டைகளை அலமாரியில் அடுக்கினார்.

வாசலைத் திருத்த வேண்டியிருந்தது. பழைய திருகுகளைத் திரும்பப் பொருத்த நேர்கோடு சம்மதிக்கவில்லை. "பேரம் பேசறது தப்பில்ல அண்ணா. அவங்களுக்குத் தெரியாம பேசறதுதான் தப்பு. வெளிய சொல்லியே பேசினா என்ன?" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து செய்தார்கள். இப்போது யாராவது நாலாயிரத்து எண்ணூறு மூளை என்று அடித்தால், வாசல் உடனே அனுப்பிவிடாது. 'நாலாயிரத்து எண்ணூறா? போன தடவை நானூறுக்கு மேல் எழுந்திருக்கவே இல்லையே. ஐந்நூறு வைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்கும். பழைய வேலைகளின் கணக்கு முழுவதும் அதற்குத் தெரியும். மறுத்தால், 'சரி, உங்களுக்காக ஐந்நூற்றைம்பது' என்று ஏறும். அதற்கு மேல் வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும்.

விஞ்ஞானிகள் மயங்கிப்போனார்கள். "இப்பத்தான் மனுஷத்தன்மையா பேசுது," என்றார் மழையம்மா. நிலநடுக்கக்காரர் வேலை இல்லாத நேரத்திலும் சும்மா வந்து வாசலோடு பேரம் பேசிவிட்டுப் போனார். யாரும் ஏமாற்றப்பட்டதாக நினைக்கவில்லை. எல்லோரும் தாம்தான் ஜெயித்ததாக நினைத்தார்கள். செலவு முன்னெப்போதையும்விடக் குறைந்தது. மழைக்காலத்தில் மழையம்மா இரண்டு தெருக்களைச் சொன்னார், காலி செய்தார்கள், மறுநாள் அந்தத் தெருக்களில் படகு போனது. வீடுகளுக்குள் யாரும் இல்லை.

வாசலுக்கு இப்போது வாசல்காரர் தேவையில்லை. காலையில் முகர்ந்து பார்க்க எதுவும் கிடையாது. கோளாறு வந்தால் நேர்கோடு பார்த்துக்கொண்டாள். அவர் செய்ய வேண்டியது ஒரே வேலை: அறைக்கு வந்து 'இருக்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துவது. பச்சைப் பொத்தான். மிகவும் சுலபம், குழந்தைகூட அழுத்தலாம். ஆனால் அவர் விரல்தான் அழுத்த வேண்டும். அழுத்திவிட்டு, சுவர் தெரியும் ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்வார். கடிகாரத்தை அந்த ஜன்னலுக்கு மேலே மாட்டியிருந்தார். பேட்டரியும் போட்டாயிற்று.

மிச்சம் பிடித்துப் பிடித்து, புதுக் கணக்கு திறந்த கொஞ்ச நாளில், கடன் வாங்கிய பத்து லட்சமும் அடைந்தது. நேர்கோடுதான் ஓடிவந்து சொன்னாள். அவர் உடனே மையத்துக்குப் போன் செய்தார். அதே அதிகாரி. மனமார வாழ்த்தினாள். இவ்வளவு சீக்கிரம் அடைத்தவர்களைப் பார்த்ததில்லை என்றாள். பிறகு, அதே மரியாதையோடு, பொறுப்பாளருடைய கெடு மட்டும் அப்படியே இருக்கிறது என்றாள். கடன் அடையும் வரை என்றுதான் நாங்கள் முதலில் சொன்னோம். அந்த வரியை வேண்டாம் என்று எடுக்கச் சொன்னது நீங்கள்தான். சுத்தமாக ஒரு வருஷம். இன்னும் ஏழு மாசம் இருக்கிறது.

"பேசிப் பாருங்கண்ணா," என்றாள் நேர்கோடு. "நீங்க பேசினா கொறைப்பாங்க."

அவர் தலையாட்டினார். பேசவில்லை. முதல் முறையாக அவருக்குப் பேரம் பேசப் பயமாக இருந்தது.

மாலையில் மகள் போன் செய்தாள். பள்ளியில் ஓட்டப் பந்தயமாம், புதன்கிழமையாம். அவர் வேலை நாள், பொத்தான், ரயில் எல்லாவற்றையும் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு, அவள் ஒரு வாரம் கேட்பாள், மூன்று நாள் என்று இறக்கலாம், கடைசியில் விடுமுறைக்கு என்று முடிக்கலாம் என்று தயாராக நின்றார்.

"ஒரு நாள் போதும்ப்பா," என்றாள் அவள்.

அத்தனை வருஷத்தில் தனக்கு வேண்டியதை வேண்டிய அளவுக்கு மட்டும் கேட்ட முதல் ஆள் அவள்தான். அதை எப்படிக் குறைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

போனை வைத்த பிறகு வழக்கம் போல மனசுக்குள் கணக்கு ஓடியது. கடல் தாண்டியவர்களிடம் வாங்கியது பத்து லட்சம் மணி, திருப்பியது பத்து லட்சம், வட்டி இல்லை, அந்தப் பக்கம் நேர். இந்தப் பக்கம், மீதி ஏழு மாசம், ஏறக்குறைய ஐயாயிரம் மணி. மணிக்கு மூன்று காசு வீதம் பதினைந்தாயிரம் காசு. அது போக, மகள் கேட்டு இன்னும் தராத ஒரு நாள், இருபத்திநாலு மணி. தள்ளுபடி இல்லை. பாக்கி.